கூரையைப் பிரிக்குமுன் கேட்க வேண்டியவை

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிக் கிளைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"அரசாங்கச் சீர்திருத்தங்களும் பழமை காக்கும் நோக்கும்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அறிவிப்பைப் பார்த்த ஒரு தம்பி நேற்று மாலை என்னை வழிமறித்தான். "அண்ணாச்சி, நீங்க வாலிபத்துல கொடி பிடிச்சுக் கோஷம் போட்ட ஆளு. இப்ப பழைய சட்டத்தைக் காப்பாத்தணும்னு பேசுறீங்களாமே, பழமைவாதி ஆயிட்டீங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தத் தம்பி இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்வதாகவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வீட்டுக் கதை. நான் சிறுவனாக இருந்தபோது நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் புதுக் கூரை போடப்போவதாகத் தோட்டத்தில் சொன்னார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. பழைய தகரம் ஓட்டை விழுந்தது; மழை வந்தால் வீட்டுக்குள் நான்கு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். வைகாசியில் ஆட்கள் வந்து பழைய தகரங்களைப் பிரித்து இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். புதுத் தகரம் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்றார்கள். அதற்குள் பருவமழை இறங்கிவிட்டது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் தார்ப்பாய்க்குக் கீழே, அடுப்பு எரியாமல், விறகு காயாமல் கிடந்தோம். என் தங்கைக்கு நெஞ்சுச் சளி கட்டி, அவள் பிழைத்ததே பெரிய காரியம். என் தாயார் அப்போது சொன்ன வார்த்தை இன்றைக்கும் காதில் நிற்கிறது: "ஓட்டைத் தகரமானாலும் தலைக்கு மேல இருந்துச்சே. நல்லது வருதுன்னு இருந்ததையும் கையால தூக்கிக் கொடுத்துட்டோமே."

புதுக் கூரை வேண்டாம் என்று என் தாயார் சொல்லவில்லை. பழையது உயர்ந்தது என்றும் சொல்லவில்லை. புதியது வந்து சேருமுன் பழையதைப் பிரிக்காதே என்றுதான் சொன்னார். பழமை காக்கும் நோக்கு என்று அறிஞர்கள் பெரிய பெரிய புத்தகங்களில் எழுதுகிறார்களே, அதில் உழைக்கும் மக்களுக்கு உதவக்கூடிய சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

இதையே மூன்று கேள்விகளாக்கி உங்கள் முன் வைக்கிறேன். எந்தச் சீர்திருத்தம் வந்தாலும், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், இந்த மூன்றையும் கேளுங்கள். ஒன்று, மாற்றப்போகும் பழைய ஏற்பாடு யாருக்கு எந்தப் பாரத்தைத் தாங்கி நின்றது? இரண்டு, அதை அகற்றினால் அந்தப் பாரத்தை நாளை முதல் யார் தாங்குவார்? மூன்று, அந்தக் கூரைக்குக் கீழே வாழ்கிறவர்களைக் கேட்டுச் செய்தார்களா?

ராஜாஜி காட்டிய இரண்டு பாடங்கள்

நம் நாட்டில் இந்த நோக்கைப் பேசியவர்களில் முதல்வரிசையில் நின்றவர் ராஜாஜி. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, 'பெர்மிட், லைசன்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று அரசாங்கத்தின் கட்டுப்பாடுகளைச் சாடியவர். அவருடைய ஆட்சியிலிருந்தே இரண்டு உதாரணம் தருகிறேன்.

1952-ல் அவர் சென்னை மாநில முதலமைச்சர். அன்று பாலக்காடும் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. போர்க்காலம் தொட்டு உணவுக் கட்டுப்பாடு. ஊருக்கு ஊர் அரிசி கொண்டுபோனால் குற்றம். கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும் என்று பலர் எச்சரித்தார்கள். அவர் எடுத்தார். மத்திய உணவு மந்திரி ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். மழையும் கைகொடுத்தது. பஞ்சம் வரவில்லை, பதுக்கல் அரிசி வெளியே வந்தது. அந்தக் கட்டுப்பாடு ஏழைக்கு எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை, கள்ளச்சந்தையைத்தான் தாங்கி நின்றது என்று அவர் சரியாகக் கணித்தார்.

அடுத்த ஆண்டே, 1953-ல், அதே ராஜாஜி ஆரம்பக் கல்வித் திட்டம் ஒன்று கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒருவேளைதான் பள்ளி. மற்ற நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். சட்டசபையைக் கலந்து பேசாமல் அறிவித்தார். சலவைத் தொழிலாளி மகன் சலவைக்கும், செருப்புத் தைப்பவர் மகன் செருப்புக்கும் என்று இது முடியும் எனத் தமிழகமே கொதித்தது. அவருடைய சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிக்கூடத்து முழுநாள் படிப்பு, ஏழைப் பிள்ளைக்கு விடுதலைக்கான ஒரே ஏணியாக இருந்தது. அந்த ஏணியில் பாதியை வெட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் தாயிடம் யாரும் கேட்கவில்லை.

பழமையின் பெயரால் வருவதும் இந்த மூன்று கேள்விகளுக்குத் தப்ப முடியாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

காக்கத் தகாதவை

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழையதெல்லாம் காக்கத் தக்கதல்ல. 1924, 1925-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சிறை சென்றார். 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். பழைய வழக்கத்தைக் காக்க வேண்டும் என்று அன்றும் சிலர் வாதாடினார்கள். அந்த வழக்கம் எவருடைய பாரத்தையும் தாங்கவில்லை. நம்முடைய பாட்டன்மார் தலைமேல் பாரமாக ஏறி உட்கார்ந்திருந்தது. தலைமேல் இருக்கும் கூரையும் தலைமேல் ஏற்றிய சுமையும் ஒன்றாகிவிடுமா? கங்காணி முறையும் அப்படித்தான். முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் ஆள்கட்டி வந்து, ஆயுள் முழுக்கக் கடன் கணக்கில் கட்டிப்போட்ட முறை. அது ஒழிந்தது நல்லது. அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

நம்மைத் தாண்டிப்போன சீர்திருத்தம்

கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் நாடே புகழ்ந்த சாதனை. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது. உழுதவன் நிலத்துக்கு உடையவன் ஆனான். குடிகிடப்புக்காரனுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை வாங்கிக்கொள்ளும் உரிமை வந்தது. பாலக்காட்டில் பல குடும்பங்கள் அதனால் நிமிர்ந்தன. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அந்தச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு தோட்டங்களை உச்சவரம்பிலிருந்து விலக்கி வைத்தது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் விளையும் தோட்டங்கள் முழுதாக நின்றன. தோட்டத்தைத் துண்டாக்கினால் தொழில் கெடும் என்பது காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் கொழுந்தெடுத்த குடும்பத்துக்கு, லயத்துக்கு வெளியே சொந்தம் என்று சொல்ல ஒரு சென்ட் நிலம் வேண்டாமா என்று எவரும் கேட்கவில்லை. 1971-ல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்டெடுக்கும் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றம் 1972-ல் அது செல்லும் என்றது. 1974-ல் நில வாரியம், தோட்டத்துக்குத் தேவை என்று 57 ஆயிரம் ஏக்கருக்கு மேல் கம்பெனிக்கு விட்டது. 70 ஆயிரம் ஏக்கருக்கு மேல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஓய்வு பெற்றதும் லயத்து அறையைக் காலி செய் என்ற சொல்லுக்கு அஞ்சி, வேலைக்குப் போகும் பிள்ளை ஒன்று வீட்டில் வேண்டுமே என்று மகளின் படிப்பை நிறுத்திய குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. சாதனை என்று புகழப்பட்டது பொய்யல்ல. ஆனால் அதை வரைந்தவர்கள் மனத்தில் நாம் இல்லை.

கடலுக்கு அப்பால் நம் இனத்தார் பட்டதையும் நினைத்துப் பாருங்கள். இலங்கையில் 1972-ல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. 50 ஏக்கர் உச்சவரம்பு. 1975-ல் கம்பெனித் தோட்டங்களும் நாட்டுடைமை ஆயின. நாட்டுடைமை என்ற சொல் எவ்வளவு இனிமையானது! ஆனால் 1948-லேயே குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழனுக்கு அந்த நாடும் இல்லை, உடைமையும் இல்லை. மாத்தளை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. பட்டினி தாங்காமல் பட்டணத்துத் தெருக்களில் பிச்சைக்கு நின்றார்கள். முதலாளி போனான், அவனோடு சேர்த்து அவன் கொடுத்துவந்த அரிசியும் போயிற்று. அந்த அரிசியை இனி யார் கொடுப்பது என்ற இரண்டாவது கேள்வியை எவரும் கேட்கவில்லை.

1951-ஆம் ஆண்டுக் கூரை

இனி இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். நம் தலைக்கு மேல் 74 ஆண்டுகள் ஒரு கூரை இருந்தது. அதன் பெயர் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அதற்கான கேரள விதிகள் 1959-ல் வந்தன. லயத்து வீடு, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி, ஐம்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரீச், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் பள்ளிக்கூடம், எல்லாம் அந்தச் சட்டத்தின் வழியாக வந்தவை. 1981-ல் அதைத் திருத்தினார்கள். வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து உயிரோ உறுப்போ போனால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற ஷரத்தும் சேர்ந்தது. பழையதை இறக்காமல் அதன்மேலேயே ஒட்டுப்போட்டுப் பலப்படுத்திய திருத்தம் அது. அதைத்தான் நல்ல சீர்திருத்தம் என்று நான் சொல்வேன்.

2025 நவம்பர் 21-ஆம் நாள் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 சட்டங்கள் நான்காயின. தோட்டத் தொழிலாளர் சட்டம், 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயிற்று. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களிடை இடம்பெயர் தொழிலாளர் சட்டமும் அதே தொகுப்புக்குள் போயிற்று. 1965-ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் ஊதியத் தொகுப்புக்குள் போயிற்று.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். சட்டத்தைச் சுருக்கு, இன்ஸ்பெக்டர் ராஜ்யத்தை ஒழி என்பது ராஜாஜி வழி வந்த குரல். நிற்பதை அசைக்காதே என்பதும் அதே பழமை காக்கும் குடும்பத்தின் குரல்தான். இரண்டும் இந்தத் தொகுப்பில் நேருக்கு நேர் மோதுகின்றன. நான் இரண்டாவது குரலின் பக்கம் நிற்கிறேன். ஏன் என்று சொல்லவேண்டியது என் கடமை.

புதிய தொகுப்பில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது. தற்காலிகம் என்று சொல்லியே பத்து வருஷம் பெயர் பதியாமல் வேலை வாங்கிய கொடுமை நமக்குத் தெரியும். அந்தக் கடிதம் பெரிய ஆயுதம். கம்பம், போடியிலிருந்து ஜீப்பேறி உடும்பன்சோலை ஏலத்தோட்டத்துக்குத் தினமும் எல்லை தாண்டுகிற பெண்களை எண்ணிப் பாருங்கள். 1979-ஆம் ஆண்டுச் சட்டம் கான்ட்ராக்டர் மூலம் அழைத்துவரப்பட்டவரை மட்டுமே இடம்பெயர் தொழிலாளி என்று கணக்கிட்டது. தாமாகவே வேறு மாநிலத்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தவரையும், சம்பள வரம்புக்கு உட்பட்டு, புதிய தொகுப்பு சேர்த்துக்கொள்கிறது. இவை வரவு.

செலவு என்ன? பழைய சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று சட்டத்திலேயே எழுதியது. புதிய தொகுப்பின் 92-ஆம் பிரிவு, இன்னின்ன வசதிகளைத் தோட்ட முதலாளி செய்ய வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்கிறது. அதோடு, அந்த வசதிகளை முதலாளி தன் சொந்தச் செலவிலோ, அல்லது மத்திய, மாநில, பஞ்சாயத்துத் திட்டங்களின் வழியாகவோ செய்துகொள்ளலாம் என்றும் சொல்கிறது. 'கடமை' என்ற சொல்லுக்கும் 'வகுக்கலாம்' என்ற சொல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்தை யார் நடந்து கடப்பது? லயத்துக் கூரை ஒழுகினால் மானேஜரின் ஆபீஸ் படியில் போய் நிற்கலாம் என்றிருந்தது. நாளை, அது பஞ்சாயத்துத் திட்டத்தில் வரும் என்று அவர் கையை நீட்டினால், பஞ்சாயத்து, அது தோட்டத்து நிலம் என்று திருப்பிக் கையை நீட்டும். இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் நனைவது நம் பிள்ளைகள்.

இடம்பெயர் தொழிலாளிக்கும் அப்படியே. ஐந்து பேர் இருந்தாலே பழைய சட்டம் பொருந்தும். புதியதில் பத்துப் பேர் வேண்டும். ஊரைவிட்டுப் பெயர்ந்ததற்கென்று தனியாகக் கொடுக்க வேண்டியிருந்த படி புதியதில் இல்லை. பயணப்படி மட்டும் நிற்கிறது.

மாறுதல் காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசு சொன்னது. கேரள அரசாங்கம் 2025 இறுதியில் இந்தத் தொகுப்புகளை எதிர்ப்பதாக அறிவித்தது. எதிர்ப்பு நம் காதுக்கு இனிமைதான். ஆனால் சகோதரர்களே, மாநிலம் விதி வகுத்தால்தான் 92-ஆம் பிரிவுக்கு உயிர் வரும். ஒரு சர்க்கார் பழைய தகரத்தை இறக்கிவிட்டது, இன்னொரு சர்க்கார் புதுத் தகரத்தைத் தொடமாட்டேன் என்கிறது என்றால், ஆடி மாதம் யாருக்காகவும் காத்திருக்காது.

இந்த இடத்தில் என்னை மடக்கி ஒருவர் கேட்கலாம்: பழைய சட்டம் இருந்ததே, அது என்ன கிழித்தது? நியாயமான கேள்வி. பீர்மேட்டில் 2000-க்குப் பிறகு தோட்டங்களை முதலாளிகள் கைவிட்டுப் போனபோது, சட்டம் புத்தகத்தில் இருந்தது, கூலி இல்லை, லயங்கள் இடிந்துகொண்டே வந்தன. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டார்கள். கயத்தாற்றிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் உறவுகளை வைத்துக்கொண்டு, மூன்று நான்கு தலைமுறையாக அந்தப் பள்ளத்தாக்கில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள். வீடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த வீடு எந்தச் சரிவில், எந்த நீரோடைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க எவரும் இல்லை.

ஆம், பழைய கூரை ஓட்டைதான். அதனால்தான் பழுது பார் என்கிறேன். பெட்டிமுடி நமக்குச் சொல்வது, வீட்டுக் கடமையைத் தளர்த்து என்பதல்ல. பத்திரமான இடத்தில் வீடு என்று அதை இறுக்கு என்பது. பீர்மேடு சொல்வது, முதலாளி ஓடினால் அந்தக் கடமை எவர் தோளில் விழும் என்பதைச் சட்டத்திலேயே எழுது என்பது.

நம் மூணாறுப் பெண்கள் 2015 செப்டம்பரில் இதைச் செய்துகாட்டினார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் 'பொம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டு, சங்கத் தலைவர்களையும் தள்ளிநிற்கச் சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்டது என்ன? இருபது சதவீதம் போனஸ். அந்த உச்சவரம்பு 1965 முதலே சட்டத்தில் இருந்தது. அந்த இருபதில் 8.33 சதவீதம் போனஸாகவும் மீதி கருணைத் தொகையாகவும் கிடைத்தது. அதன் பின் நடந்த பேச்சில் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய் ஆயிற்று. பழைய சட்டத்தில் எழுதியிருந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றதில் கிடைத்த வெற்றி அது. பிடித்துக்கொள்ள அந்த எழுத்து இல்லாதிருந்தால் எதைப் பிடித்திருப்பார்கள்?

நன்றாக வந்த ஒரு சீர்திருத்தம்

குறை மட்டும் சொல்லிப் போனால் அது நீதியாகாது. கண்முன்னே நன்றாக நடந்த சீர்திருத்தம் ஒன்றையும் சொல்கிறேன். ரேஷன் கார்டு. ஒரு மாநிலத்துக் கார்டை வைத்து வேறு மாநிலத்துக் கடையில் அரிசி வாங்கும் ஏற்பாடு 2019-ல் சில மாநிலங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தொடங்கியது. கேரளமும் கர்நாடகமும் ஒரு ஜோடி. அங்கே சோதித்துப் பார்த்து, குறை நீக்கி, மற்ற மாநிலங்களைச் சேர்த்து, 2022 ஜூனில் அஸ்ஸாமும் சேர்ந்ததும் நாடு முழுவதும் ஆயிற்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் கார்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் இது என்றாலும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கு வந்தவருக்கும் நெல்லியாம்பதித் தோட்டத்துக்கு வந்தவருக்கும் பெரிய உதவி.

ஏன் இது பிழைத்தது? பழைய கடையை மூடவில்லை. பழைய கார்டைப் பிடுங்கவில்லை. ஊரில் இருக்கும் தாயார் அங்கே தன் பங்கை வாங்க, மகன் இங்கே தன் பங்கை வாங்கினான். சிறியதாகத் தொடங்கி, பார்த்துப் பார்த்துப் பெரியதாக்கினார்கள். பழையது நிற்கும்போதே புதியதைப் பக்கத்தில் கட்டினார்கள். அவ்வளவுதான் இரகசியம்.

பயன்படுத்தினால்தான் உரிமை

கடைசியாக மொழி பற்றி. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. அந்த வரலாற்றை மறுபடி கிளறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. மலையாளச் சகோதரர்களோடு ஒரே கடையில் தேநீர் குடித்து, ஒரே கொடியின் கீழ் ஊர்வலம் போய், பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்கிறோம். ஆனால் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுச் செயலகத்துக்கும், இலாகாத் தலைமை அலுவலகங்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தாலுக்கா ஆபீசுக்குத் தமிழில் மனு எழுதியிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்... ஒன்று, இரண்டு, மூன்று. இவ்வளவு பேரில் மூன்று கை! நாம் எழுதாவிட்டால், தமிழ் தெரிந்த குமாஸ்தா எதற்கு என்று நாளை ஒரு சீர்திருத்தக் கமிட்டி கேட்கும். பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால், தமிழ்ப் பள்ளி எதற்கு என்று கேட்கும். அப்போது அந்தக் கமிட்டியைத் திட்டிப் பயனில்லை. யாரும் நிற்காத கூரையை எவனும் பிரிப்பான்.

செய்ய வேண்டியவை

அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். வாலிபத்தில் கொடி பிடித்தேனே, அந்தக் கொடியால் வந்த சட்டங்களைத்தான் இன்று காக்கச் சொல்கிறேன். நம் முன்னோர் அடிபட்டு வாங்கியதைக் காப்பதற்குப் பெயர் பழமைவாதம் என்றால், அந்தப் பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். இருப்பவன் தன் சொத்தைக் காப்பதை விவேகம் என்கிறார்கள். இல்லாதவன் தன் ஒரே சொத்தான சட்டத்தைக் காத்தால் மட்டும் பிற்போக்கா?

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய நான்கு காரியங்கள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, வேலை செய்யும் ஒவ்வொருவரும் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். புதிய சட்டம் கொடுத்த ஒரு நல்ல பொருளை விட்டுவிடக் கூடாது. இரண்டு, லயத்துக் கூரை, சுவர், கழிப்பறை, பின்னால் உள்ள மண்சரிவு எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக் கிளையில் கொடுங்கள். மழைக்கு முன் தொழில் இலாகாவுக்கு மனு போகட்டும். மூன்று, 92-ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு வகுக்கும் விதிகளில் 'கடமை' என்ற சொல் இருக்க வேண்டும், ஓய்வு பெற்றவருக்கு வேறு வீடு கிடைக்கும்வரை லயத்திலிருந்து இறக்கக் கூடாது என்ற வரி இருக்க வேண்டும் என்று இந்தக் கூட்டம் தீர்மானம் போடட்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதே தீர்மானம்தான். நான்கு, அந்த மனுவையும் தீர்மானத்தையும் தமிழில் எழுதுங்கள்.

என் தாயார் இருந்திருந்தால் ஐந்தாவதாக ஒன்று சொல்லியிருப்பார்: புதுத் தகரம் லாரியிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்த பிறகுதான் பழையதில் கை வைக்க விட வேண்டும் என்று. அதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.